வட்டவளையில் தேய்க்காமல் விட்ட ஜொயின்ட்

தம்பி தங்கச்சிகளே, உங்கள் போன் குரூப்பில் என்னைச் சேர்த்த நாளில் இருந்து ஒரே கேள்விதான். வாரம் தவறாமல் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறீர்கள்: "அக்கா, நெட் டேப் நல்லதா, பேப்பர் டேப் நல்லதா?" கேட்டு முடிப்பதற்குள் பாதிப் பேர் நெட் கட்சி, பாதிப் பேர் பேப்பர் கட்சி. எலெக்ஷன் கூட்டம் தோற்றது போங்கள். நான் வாய் திறக்காமல் இருக்கிறேன் என்று சிலருக்குக் கோபம். ஒருவன், "அக்காவுக்கு வயசாயிருச்சு, விட்டுருங்கடா" என்று எழுதியிருந்தான். வயதானது உண்மைதான். கையைத் தலைக்கு மேலே தூக்கத் தோள்பட்டை விடவில்லை என்பதால் வேலையை விட்டேனே தவிர, என் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் இருந்து வருகிறேன். இரண்டு ஜிப்சம் போர்டு சேரும் இடத்தில் ஒரு இடைவெளி விழும், அதுதான் ஜொயின்ட். அதன் மேல் டேப் வைத்து, ஃபில்லர் பூசி, காய்ந்ததும் தேய்த்து, அங்கே இடைவெளி இருந்ததே தெரியாமல் ஆக்குவதுதான் நம் பிழைப்பு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இதே வேலை. எங்கள் வீட்டுக்காரர் போர்டு அடிப்பார், நான் ஜொயின்ட் எடுப்பேன். அவர் விடுகிற இடைவெளியைப் பார்த்து நான் திட்டுவேன். நான் கீழே சிந்துகிற ஃபில்லரைப் பார்த்து அவர் திட்டுவார். இப்படித் திட்டிக்கொண்டே நுவரெலியாவிலும் ஹட்டனிலும் எத்தனையோ ஹோட்டல், கடை, பங்களா எல்லாம் முடித்துக் கொடுத்தோம்.

நெட் டேப் என்பது சல்லடை மாதிரி நூலால் பின்னியது, பின்பக்கம் பசை இருக்கும். இழுத்து ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. பேப்பர் டேப்புக்குப் பசை கிடையாது. முதலில் ஃபில்லர் பூசி, அந்த ஈரத்தில் டேப்பைப் படுக்க வைத்து, தகட்டால் வழித்துவிட்டு, அது காயும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பொறுமைசாலிக்குப் பேப்பர், அவசரக்காரனுக்கு நெட் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அப்படிச் சொல்லக் காரணமும் இருந்தது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஏப்ரல் சீசனுக்கு முன்னால் வேறொரு கூட்டம் வேலை செய்தது. அவசரத்தில் நெட்டை ஒட்டி, அதன் மேல் வாளியில் குழைத்தே வருகிற ஃபில்லரைப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். நெட்டுக்கு அது ஆகாது. தண்ணீரில் குழைத்தால் தானாகவே இறுகுகிற தூள் ஃபில்லர்தான் நெட்டைப் பிடித்து நிறுத்தும். சீசன் ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்கிய நேரத்தில் சீலிங் முழுக்க மயிரிழை வெடிப்பு. ஹோட்டல் முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அத்தனையையும் உரித்துத் திரும்பப் போட்டது நான்தான். அதற்குப் பிறகு நெட் டேப்பை என் பைக்குள்ளேயே விடமாட்டேன். பேப்பர் கட்சிக்கு நான்தான் தலைவி.

அந்தத் தலைவி பதவி வட்டவளையில், தோட்ட ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில், ஒரு காம்பராவில் பறிபோனது.

வட்டவளை மழையைப் பற்றி மலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனி ஆடியில் அங்கே துணி காய்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மாதிரி ஒரு ஆடியில்தான் மோகன் போன் எடுத்தான். மோகன் எங்கள் வீட்டுக்காரருக்குத் தூரத்து முறையில் தம்பி. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. அவன் மனைவி கலாவுக்கு நாள் ஆகும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

"எல்லாரும் பொழைச்சிருச்சுன்னு சொல்றாங்க அண்ணி," என்றான். "ஆனா வீடு சரியில்லாம அனுப்ப யோசிக்கிறாங்க. நம்ம மிட்வைஃப் அம்மா வந்து பாத்துட்டுத்தான் வார்டுக்குச் சொல்லுவாங்களாம்."

அடுத்த நாளே போய்ப் பார்த்தோம். லயத்தில் கடைசிக் காம்பரா அது. காற்று முதலில் வந்து மோதுவதே அங்கேதான். கல் சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. உள்ளே நின்று பேசும்போது என் சேலைத் தலைப்பு ஆடியது.

தோட்டத்து மிட்வைஃப் அம்மாவும் அப்போது அங்கே வந்திருந்தார். பெரிய குடையும், சேற்றுக்குப் பழகின சப்பாத்துமாக ஒரு மெலிந்த மனுசி. சிரித்துப் பேசி நேரம் கடத்துகிற ஆள் இல்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"காத்து அடிக்கக் கூடாது. ஈரம் கூடாது. பொகை கூடாது. தூசி இருக்கவே கூடாது. அந்தப் புள்ளைக்கு நெஞ்சு இன்னும் பலப்படல. நாம இருமுனா இருமல். அது இருமுனா திரும்ப ஆஸ்பத்திரிதான்."

"ஹோட்டல் ரூம் மாதிரி செஞ்சுருவோம் அம்மா," என்றான் மோகன்.

"ஹோட்டல் எனக்கு வேணாம். நான் சொன்ன நாலும் இருந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். அன்றைக்கு அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

நாங்கள் முடித்திருந்த ஒரு ஹோட்டல் வேலையில் ஈரம் தாங்குகிற பச்சைப் போர்டு மிஞ்சிக் கிடந்தது. கேட்டதும் அந்த முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் கல் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி ஃப்ரேம் கட்டினார். இரண்டு பக்கச் சுவரும் சீலிங்கும் போர்டு ஏறின. காற்று நின்றது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளே நின்று, "அட, ஒரு சத்தமும் கேக்கலையே" என்று ஆச்சரியப்பட்டார்கள். அடுத்து என் வேலை. வழக்கம் போல வாளியைத் திறந்தேன், பேப்பர் டேப்பை அறுத்தேன், எல்லா ஜொயின்ட்டையும் அழகாகப் போட்டு முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் விரலால் தொட்டேன். வைத்தபடியே ஈரம். அதற்கு மறுநாளும் அதே ஈரம். வெளியே மழை விட்டால்தானே உள்ளே காயும்? கலா ஒவ்வொரு நாளும் போனில் கேட்டாள்: "அக்கா, முடிஞ்சிருச்சாக்கா? நாங்க எப்ப வரலாம்?" பின்னால் வேறு பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கும். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஜொயின்ட்டைப் பார்த்தால் எனக்கு அந்த வாளியைத் தூக்கி ஆற்றில் போடலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில் மிட்வைஃப் அம்மா சொல்லி அனுப்பினார். நாளை மறுநாள் வந்து பார்க்கிறாராம். சரியாக இருந்தால் அன்றைக்கே வார்டுக்குப் போன் போட்டுவிடுவாராம்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் சாமான் எடுக்க ஹட்டனுக்குப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பினோம். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஏறும்போதே முகத்தில் சூடு அடித்தது. கதவைத் தள்ளினால், உள்ளே வரிசையாகத் தணல் சட்டி. லயத்தில் இருக்கிற ஒவ்வொரு வீடும் தன் அடுப்பை வாரிக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. கதவை மூடி, ஜன்னலைச் சாக்கால் அடைத்து, சுவரைக் காய வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி முகமெல்லாம் சிவந்துபோய், "மொதச் சட்டி நான்தான் அக்கா கொண்டாந்தேன்" என்று சிரித்தாள்.

நான் சுவரைப் பார்த்தேன். ஃபில்லர் மேலே பாளம் பாளமாக வெடித்திருந்தது. பேப்பர் டேப் அங்கங்கே கொப்புளம் விட்டு எழும்பி நின்றது. விரலால் அழுத்தினால் மேலே ஓடு, உள்ளே களி. அது போதாதென்று வெள்ளைப் பூச்சின் மேல் புகை வேறு படிந்திருந்தது.

என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். திறந்துவிட்டேன். "யாரு ஒங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று ஆரம்பித்ததுதான். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மழைக்காலத்தில் விறகு எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைக்கும் என்று லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? அன்றைக்குச் சாயந்திரம் எத்தனை வீட்டில் சோறு பிந்தப் போகிறதோ. எங்கள் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "வெளிய வா, ஒரு பிளேன்டி குடிச்சிட்டுத் திட்டு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மனுசன் அன்றைக்கு என்னைக் காப்பாற்றினார்.

அப்போதுதான் மோகன் வேலை முடிந்து வந்தான். சுவரைத் தொட்டுப் பார்த்தவன் ஒரு வார்த்தையும் யாரையும் குறை சொல்லவில்லை.

"பச்சக் கொழுந்த வாட வைக்காம நேரா அடுப்புல போட்டா இப்பிடித்தான் அண்ணி ஆகும்," என்றான். "மேல கருகிரும், உள்ள பச்சையாவே இருக்கும். தெனமும் அதே வேலதான் செய்றேன். நான் வீட்டுல இருந்திருந்தா வைக்க விட்டுருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு இஸ்தோப்புத் தரையில் உட்கார்ந்தான். "இனி எப்பிடி அண்ணி? கலாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "உரிச்சிட்டுத் திரும்பப் பேப்பர் போடுவோம். மிட்வைஃப் அம்மாகிட்ட ஒரு வாரம் தள்ளச் சொல்லுவோம். வேற வழி?"

சரியான யோசனை மாதிரிதான் இருந்தது. நம் தொழிலில் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு வாரத்தில் மழை விடும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது? ஒரு வாரம் கழித்தும் ஈரமாகவே இருந்தால்? காய்ந்தாலும் அதை மூன்று தடவை பூசி, மூன்று தடவை தேய்க்க வேண்டும். தேய்த்தால் மாவு மாதிரித் தூசி பறக்கும். ஃப்ரேமுக்குப் பின்னால், போர்டு இடுக்கில், தரை வெடிப்பில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். தேய்த்த அறையில் படுத்து எழுந்தால் மூக்கைச் சிந்தும்போது வெள்ளையாக வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

கையில் பால் இல்லாத பிளேன்டி ஆறிக்கொண்டிருந்தது. மிட்வைஃப் அம்மா மடக்கிய விரல் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காற்று, ஈரம், புகை, தூசி. அந்த மனுசி அழகாக இருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. ஜொயின்ட் தெரியக் கூடாது என்று சொல்லவே இல்லை. அதைக் கேட்டது என் கெட்டிக்காரத்தனம் மட்டும்தான். இவ்வளவு நாளும் எந்த டேப் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இந்த அறைக்குள் என்ன நடக்கப் போகிறது என்று நான் கேட்கவில்லை.

"நீங்க விடியக் காலையில ஹட்டனுக்குப் போங்க," என்றேன் எங்கள் வீட்டுக்காரரிடம். "தூள் ஃபில்லர் ஒரு மூட்டை. நெட் டேப்."

"என்னது?"

"நெட் டேப்."

"ஒன் கையாலயா?" என்று சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிச்சீங்கன்னா அப்பிடியே நடந்து போகச் சொல்லிருவேன்."

தணல் கொண்டுவந்த அதே பெண்களை அன்று நான் வேலையில் இறக்கினேன். சட்டிகள் வெளியே போயின. உள்ளே இன்னும் களியாக இருந்ததால் பழைய ஃபில்லரைத் தூசி இல்லாமல் வழித்தெடுக்க முடிந்தது. அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். நான் தகட்டால் வழித்து விட விட, கீழே ஒருத்தி நனைந்த சாக்கை ஏந்திப் பிடித்தாள், இன்னொருத்தி ஈரத் துணியால் போர்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முதல் சட்டி கொண்டுவந்த பெண் என்னோடு பேசவில்லை. ஆனால் அவள்தான் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தாள். முடியும்போது நானே போய், "தணல் நல்ல தணல்தான்டி, சுவருதான் மோசம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் சாமான் வந்ததும் ஆரம்பித்தோம். நெட்டை இழுத்து ஒட்டினேன். மூலைகளில் நெட் மடங்காது, புடைத்துக்கொண்டு நிற்கும். அங்கே மட்டும் பேப்பரை நடுவில் மடித்து, அதே தூள் ஃபில்லரில் படுக்க வைத்தேன். கட்சிக்காரர்கள் இதைக் கவனியுங்கள், ஒரே அறையில் இரண்டும்தான். குளிருக்குத் தூள் இறுக நேரமாகும் என்பதால் பக்கத்து வீட்டில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துத் தந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து, நெட்டின் கண்ணுக்குள் இறங்குகிற மாதிரி அழுத்திப் பூசினேன். அது இறுகி, கல்லாகும் முன்பு இருக்கிற அந்தப் பதத்தில் ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட்டேன். தேய்க்கிற தாள் பையை விட்டே வெளியே வரவில்லை. நூல் தெரியாமல் மேலே ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதையும் பஞ்சாலேயே வழித்தேன்.

பிறகு தகட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.

"என்ன, அவ்வளவுதானா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். சுவரைப் பார்த்தால் ஒவ்வொரு ஜொயின்ட்டும் மேலிருந்து கீழே வரை வயலில் வரம்பு கட்டின மாதிரிப் புடைத்து நின்றது. "அகலமா இன்னும் ரெண்டு கை பூசுனா மறைஞ்சிரும்."

"ரெண்டு கை பூசுனா ரெண்டு வாளித் தண்ணி ரூமுக்குள்ள. அப்பறம் அதத் தேய்க்கணும். வேணாம்."

மோகனுக்கு முகமே செத்துப்போயிற்று. ஹோட்டல் அறை மாதிரி என்று கலாவிடம் சொல்லி வைத்திருக்கிறான் அல்லவா. "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. புள்ள பாக்க வர்ற சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"புள்ள பாக்க வர்றவங்க புள்ளயப் பாக்கட்டும், தம்பி."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு உள்ளே எவ்வளவு வலித்தது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். நம் வேலைக்குக் கெட்ட பெயர் தேட வேறு எதுவும் வேண்டாம், அந்தச் சுவர் ஒன்று போதும். பூசத் தெரிந்தவர்களுக்குப் பூசாமல் நிற்பது லேசான காரியம் இல்லை. கை அரித்துக்கொண்டே இருந்தது. அரிப்பை அடக்குவதற்காக வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிட்வைஃப் அம்மா சொன்ன நாளில் வந்தார். சப்பாத்தை இஸ்தோப்பில் கழற்றிவிட்டு உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். முதலில் மூச்சை இழுத்து வாசம் பார்த்தார். கட்டிலின் மேல் கையை வைத்தார். பிள்ளை படுக்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜொயின்ட்டில் தன் கன்னத்தை வைத்து, காற்று வருகிறதா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சுவரில் மேலிருந்து கீழே விரலை இழுத்து, அந்த விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் இல்லை.

"இது ஏன் இப்பிடிப் பொடைச்சிட்டு இருக்கு?" என்றார்.

"தேய்ச்சா தூசி வரும் அம்மா. அதான் தேய்க்காம விட்டுட்டேன்."

என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "பொடைச்சிருந்தா பிள்ளைக்கு ஒண்ணுமில்லயே," என்று சொல்லிவிட்டு, இஸ்தோப்பில் நின்றே வார்டுக்குப் போன் எடுத்தார். மோகன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் தொழிலில் எத்தனையோ முதலாளிமார் கை கொடுத்திருக்கிறார்கள், டீ வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்த மனுசி விரலைத் திருப்பிப் பார்த்த நிமிசத்துக்கு அதில் எதுவும் கிட்ட வராது.

கலா பிள்ளையோடு வந்து இறங்கியபோது நாங்கள் இருந்தோம். லயமே குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் இருந்து காம்பரா வரைக்கும் வரிசையாக நின்றது, பிள்ளையின் மேல் ஒரு துளி படக்கூடாது என்று. துணிக்குள் மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தது. கலா உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்தாள். "காத்தே இல்லையேக்கா," என்றாள். சுவர் புடைத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. மாசியில் வெயில் அடிக்கும்போது வந்து ஒழுங்காக முடித்துத் தருகிறேன் என்று மோகனிடம் நானாகத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாசி வரவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் பலம் வரட்டும் என்று முதல் வருசம் தள்ளினோம். பிறகு எங்களுக்கு வேலை, அவர்களுக்குக் கோயில் திருவிழா, இப்படியே வருசங்கள் போய்விட்டன. நடுவில் மோகனே சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டான். ரயிலில் வட்டவளையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த வரம்பு ஞாபகம் வந்துவிடும். கொழும்புக்குப் போகிற வேலையாக இருந்தாலும் மனசு அந்தக் காம்பராவில் இறங்கி ஏறிக்கொண்டுதான் வரும்.

போன வருசம், நான் வேலையை விடப் போகிறேன் என்று கேள்விப்பட்டு மோகன் போன் எடுத்தான். "அண்ணி, பாப்பா ஸ்கூல் போகப் போறா. வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க. அந்தச் செவுத்த முடிச்சுக் குடுத்துட்டு வேலைய விடுங்க." எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடைசி வேலை அதுவாக இருக்கட்டும் என்று கிளம்பினோம். அங்கே இருந்த நாளெல்லாம் நல்ல வெயில். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலைச் சாக்கால் மூடி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, இவ்வளவு வருசமும் பைக்குள் கிடந்த ஆசையெல்லாம் தீரத் தேய்த்தேன். அகலமாகப் பூசி, காய விட்டு, திரும்பவும் தேய்த்தேன். ஒவ்வொரு வரம்பாகச் சுவருக்குள் போய் மறைந்தது. எங்கள் வீட்டுக்காரர் கூட ஒரு குறையும் சொல்லவில்லை.

கட்டிலோரத்து ஜொயின்ட் ஒன்றுதான் பாக்கி. தாளை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பின்னால் ஒரு குரல்.

"பெரியம்மா, அது வேணாம்."

வாசலில் நின்றது திவ்யா. அந்தக் கைப்பிடிப் பிள்ளைதான். இரட்டைச் சடை, முட்டியில் காயம், பார்வையில் பயமே இல்லை.

"ஏன்டி வேணாம்?"

"அது என்னோடது."

கலா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். பிள்ளைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பழக்கமாம். படுக்க வைத்தால் கை தானாகச் சுவரைத் தேடிப் போகும். அந்த வரம்பில் விரலை வைத்து மேலும் கீழும் தடவிக்கொண்டே தூங்கிவிடுவாளாம். காய்ச்சல் வந்த நாட்களில், இடி இடித்த நாட்களில், கரண்ட் போன நாட்களில் எல்லாம் அதுதான். கலாவின் அம்மா வீட்டுக்குப் போனால், சுவரில் தடவிப் பார்த்துவிட்டு அது இல்லை என்று அழுவாளாம். நாங்கள் பார்த்தபோது, பெயின்ட் அந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. நான் தேய்க்க மாட்டேன் என்று விட்டதை அந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் தன் விரலால் தேய்த்திருக்கிறாள்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

பிள்ளைகளே, நல்லபடியாக நான் முடித்த ஜொயின்ட் எல்லாம் எந்தெந்தச் சுவரில் இருக்கின்றன என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்குத்தானே கூலி வாங்கினோம். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் இனிமேல் எந்த டேப் என்று குரூப்பில் கேட்க வருகிறவர்கள், அந்த அறையில் யார் படுக்கப் போகிறார்கள், அங்கே அடுப்பு உண்டா, ஜன்னல் எந்தப் பக்கம், வெளியே மழையா வெயிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது அக்கா கட்டாயம் பதில் போடுவாள். நெட்டோ பேப்பரோ, அந்த அறை சொல்வதைத்தான் நானும் சொல்வேன்.

அன்று மத்தியானம் வீட்டை ஈரத் துணியால் துடைத்து, கட்டிலைத் திரும்பப் போட்டு, சாமானை எல்லாம் மூட்டை கட்டினோம். திவ்யா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். கை சுவருக்குப் போனது. ஸ்டேசனுக்கு நேரமாகிவிட்டது என்று எங்கள் வீட்டுக்காரர் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். மோகன் வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தான். வழவழவென்று இருந்த சுவர்களை எல்லாம் பார்த்துவிட்டு அந்த ஒன்றில் வந்து நின்றான்.

"அண்ணி, எல்லாம் அழகா வந்திருச்சு. அது ஒண்ணு மட்டும் வேல முடியாத மாதிரியே நிக்குது."

பிள்ளையின் விரல் வரம்பின் பாதியில் நின்றுவிட்டிருந்தது. தூங்கிவிட்டாள்.

"அது என்னைக்கோ முடிஞ்சிருச்சு, தம்பி," என்றேன்.